'நான் கூப்பிடவில்லை' என்று சொன்னவர்களுக்கு

அன்பான நம் ஊர் மக்களுக்கும், என்னோடு படித்தவர்களுக்கும், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும்,

சென்ற வாரம் ஆயரின் கைகளால் குருப்பட்டம் பெற்றேன். மறுநாள் நம் கோயிலில் முதல் நன்றித் திருப்பலி. முடிவில் நன்றி சொல்லச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. நாலு வரியோடு நிறுத்திவிட்டேன். விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பட்டம் பெறப் போகிறவர்கள் அதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொடுக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் 1036 சொல்கிறபடி, சொந்தக் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். என் சொந்த விருப்பத்தோடும் முழுச் சுதந்திரத்தோடும் இந்தப் பட்டத்தைப் பெறுகிறேன், வாழ்நாள் முழுவதும் இந்தப் பணிக்கு என்னைக் கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் 'சுதந்திரத்தோடு' என்ற சொல்லை நான் கை நடுங்காமல் எழுதுவதற்கு 15 வருடம் ஆயிற்று. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த நன்றி.

கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது ஊரில் மூத்தவர்களுக்குத் தெரியும். பிழைப்பேனா என்றிருந்த அந்த நாட்களில் அம்மா தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் முழந்தாள்படியிட்டு, பிள்ளை பிழைத்தால் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிழைத்தேன். அன்றுமுதல் நான் 'நேர்ந்துவிட்ட பிள்ளை'. பாசத்தோடு தான் கூப்பிட்டீர்கள். கடைக்குப் போனால் மிட்டாய் கூடக் கிடைக்கும். பள்ளியில் மற்றப் பையன்களிடம் பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்பார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஒரே ஒருவர் கேட்டார். கோயிலில் ஜெபம் நடத்தி மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த நம் உபதேசியார் தாத்தா. இன்று அவர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், பட்டத்துக்கு முந்தின நாள் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். பூசைக்கு உதவும் பீடச் சிறுவனாக எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒருநாள் பூசை முடிந்து, "உனக்கு மணி அடிக்கப் பிடிக்குது, தூபம் போடப் பிடிக்குது. சாவு வீட்டுக்கு வரப் பிடிக்குமா?" என்றார். அப்புறம் ஜெபம் சொல்லப் போகிற வீடுகளுக்கெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் பக்கத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். நானும் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது 13 வயது. தாத்தா ஏன் அங்கெல்லாம் கூட்டிப்போனார் என்று புரிய இன்னும் 13 வருடம் தேவைப்பட்டது.

2008இல் பிளஸ் டூ முடித்ததும் குருவாக விரும்புகிறவர்களுக்கான மே மாத அழைத்தல் முகாமுக்குப் போய், அப்படியே குருத்துவப் பயிற்சிக்கு இளங்குருமடத்தில் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் 14 பேர். கல்லூரிப் படிப்பும் முடிந்து, திருச்சியில் மெய்யியல் படிக்கும்போதுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்தது. என் இடத்தில் வேறு யாராவது இருந்தாலும் அம்மாவின் நேர்ச்சை நிறைவேறியிருக்கும். அப்படியானால் இங்கே இருப்பது நானா, அந்த நேர்ச்சையா?

குருமடத்தில் எனக்கு வழிகாட்டிய என் ஆன்மத் தந்தைக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. நான் மறுநாளே பெட்டியைக் கட்டத் தயாராக இருந்தேன். அவர் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஒரு விதியைச் சொன்னார்: ஆன்ம வறட்சியில் இருக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது. மனம் தெளியும்வரை பொறு, தெளிந்த பிறகும் போகத்தான் தோன்றினால் போ. தினமும் இரவில் எது நிம்மதி தந்தது, எது தரவில்லை என்று எழுதிவைக்கச் சொன்னார். ஐந்து மாதம் எழுதினேன். கோபமும் பயமும் அடங்கின. கேள்வி மட்டும் அப்படியே நின்றது. அவர் நோட்டை வாசித்துவிட்டு, "இப்போ போகலாம்" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். பட்டமும் வாங்கியிருப்பேன். அந்தத் தாளில் மட்டும் பொய் எழுதியிருப்பேன்.

குருமட அதிபர் தந்தைக்கும் நன்றி. விடைபெறும்போது அவர் என் தலையில் கைவைத்துச் செபித்தார். இரண்டு வருடம் கழித்து நான் திரும்ப விண்ணப்பித்தபோது, நான் ஏன் போனேன் என்று ஆயருக்கு எழுதிய சான்றும் அவருடையதுதான். மறைக்காமலும் கூட்டாமலும் எழுதியிருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

2015 மே மாதம், தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஊரில் சிலர் பேசிய பேச்சு எனக்கு வலித்தது. அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை. அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். பயம் என்று பிறகுதான் தெரிந்தது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக மாதா நினைப்பாளோ, பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

அப்போது பங்குத்தந்தையாக இருந்த ஃபாதர் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? திருச்சபைச் சட்டம் 1193ஐ அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். நேர்ச்சை என்பது அதைச் செய்தவரை மட்டும்தான் கட்டும், பிள்ளையைக் கட்டாது. அப்புறம் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த விவிலியக் கதையையே திரும்பச் சொன்னார். அன்னாவும் பிள்ளையை நேர்ந்தவள்தான், சாமுவேலைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டவள்தான். ஆனாலும் கடவுள் அந்த நேர்ச்சையை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. இரவில் அந்தப் பையனைத் தாமே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் ஆலயக் குரு ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடினான். ஏலி, "நான் கூப்பிடல, போய்ப் படு" என்றார்.

"நீங்க இப்போ ஏலி மாதிரி இருக்கணும் அம்மா," என்றார் ஃபாதர்.

அடுத்த சனிக்கிழமை அம்மா பனிமய மாதா கோயிலுக்குத் தனியாகப் போனார். திரும்பி வந்து சோறு போடும்போது, "நேர்ந்தது நான். அதை மாதாட்ட சொல்லிட்டு வந்துட்டேன். நீ உன் வழியப் பாரு," என்றார். அம்மா, அந்தப் பயத்தோடு நீங்கள் அந்தக் கோயில்வரை நடந்துபோனது, கைக்குழந்தையோடு போனதைவிடப் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

அப்பா அதிகம் பேசமாட்டார். அது மீன்பிடித் தடைக்காலம், அப்போதெல்லாம் 45 நாள். விசைப்படகு கரையில் நின்றது, அவர் வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "நீ சாமியாரானா எனக்குப் பெருமைதான். என் பெருமைக்காக நீ ஆக வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, நூலைக் கேட்டார். அக்காவும் மச்சானும் மாடி அறையை எனக்கு ஒழித்துக்கொடுத்து, எத்தனை நாள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அந்த அண்ணாச்சி நம் மதத்தவர் அல்லர். திரும்பக் குருமடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, கணக்கை முடித்துக் காசைக் கையில் கொடுத்து, "ஒத்துவரலைன்னா வா தம்பி, நாற்காலி இருக்கும்" என்றார். அந்த நாற்காலி இருந்ததால்தான் நான் வேறு போக்கிடமில்லாமல் குருமடத்துக்குப் போனவன் ஆகவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு வரனும் வந்தது. அந்தக் குடும்பத்தின் அடையாளம் எதையும் சொல்லமாட்டேன். நல்ல மனிதர்கள், நல்ல பெண். உண்மையாகவே யோசித்தேன். திருமணம் குருத்துவத்துக்கு ஒரு படி கீழே என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் வாழ்ந்து 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், குருவாகாமல் மனைவியோடு குடும்பம் நடத்திய பொதுநிலையினர்தானே. அந்தப் பெண் என்னிடம் நேராக, "நீங்க இன்னும் முடிவு பண்ணலைன்னு தெரியுது. முடிவு பண்ணிட்டு வாங்க, இல்லைன்னா சொல்லிடுங்க" என்றார். அந்த நேர்மைக்கு என் நன்றி.

முடிவு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறீர்கள். காட்சியோ குரலோ எதுவும் இல்லை. கம்பெனிக்கு மீன் கொண்டுவரும் படகில் வேலை செய்த ஒருவர் கடலில் தவறி இறந்துபோனார். அந்த வீட்டில் அன்றிரவு ஜெபம் சொல்ல ஆள் இல்லை. குருமடத்தில் இருந்தவன்தானே என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அம்மாவிடம் பேச என்னிடம் வார்த்தை எதுவும் இல்லை. விடியும்போது திண்ணையில் இருந்து எழுந்தபோதுதான், தாத்தாவோடு போன வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. என்னை யாரும் அங்கே அனுப்பவில்லை, யாரும் என்னை நேர்ந்துவிடவில்லை. இப்படியே வாழ்நாள் முழுக்க உட்காரலாம் என்று தோன்றியது. அன்றிரவு பழைய நோட்டை எடுத்து எழுதினேன். இன்னும் ஏழு மாதம் எழுதினேன், அந்த நிம்மதி போகவில்லை.

2017இல் திரும்பினேன். தடைக்காலம் 61 நாளாக ஆன வருடம். அப்பா கூடுதல் நாட்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். "சரி," என்றார்.

என்னோடு சேர்ந்த 14 பேரில் குருவானவர்கள் 5 பேர். மற்ற ஒன்பது பேருக்கும் இங்கே தனியாக நன்றி. ஒருவன் ஆசிரியர், ஒருவன் லாரி வைத்திருக்கிறான், ஒருவன் வளைகுடாவில் இருக்கிறான். விட்டுப்போனவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் வெளியே இருந்த இரண்டு வருடமும் என்னைத் தாங்கியது அவர்கள் போன்தான். தேர்ந்து தெளிவது என்றால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் போனவர்களும் அழைக்கப்பட்டுத்தான் போனார்கள்.

பட்ட நாளில் ஆயர், இவர்கள் தகுதியுள்ளவர்கள் என்று உமக்குத் தெரியுமா என்று கேட்டபோது, இறைமக்களைக் கேட்டறிந்ததில் தகுதியுள்ளவர்கள் என்று தெரிகிறது என்று எங்களை முன்னிறுத்திய குரு பதில் சொன்னார். அந்த இறைமக்கள் நீங்கள். நம் கோயிலில் என் பெயரை அறிக்கையிட்டு, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்றபோது, நான் விட்டுவிட்டு வந்தவன் என்பதை அறிந்த நீங்கள்தான் எனக்குச் சாட்சி சொன்னீர்கள். பட்டச் சடங்கில் முகங்குப்புற விழுந்து கிடந்தபோது புனிதர்களின் மன்றாட்டு மாலையில் உங்கள் குரல்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டேன்.

பட்டத்தின்போது ஆயர் பூசிய உள்ளங்கை எண்ணெயைத் துடைத்த துணியை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அதை எங்கே வைப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

ஜூனில் உதவிப் பங்குத்தந்தையாகப் புதுப் பங்குக்குப் போகிறேன். அதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் இருப்பேன். அப்பா, வலை இன்னும் முடியவில்லை என்று அக்கா சொன்னாள். நூல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.