நாய்த் தொல்லை: ஞாயிறு கூட்டம்

மண்டபம் தெரு உறவுகளுக்கு வணக்கம். ராத்திரி குரைப்பில் பிள்ளைகள் தூங்குவதில்லை. கருவாடு காயும் இடத்தில் ஒரு சிறுமியை நாய் கடித்தும் விட்டது. ஞாயிறு மாலை 5 மணிக்குக் கோயில் திடலில் கூடுவோம்.

1. மீன் குடல், செதிலைத் தெருவில் கொட்டாதீர்கள். நாய்கள் கூடுவதே அதற்குத்தான். தென்னை மூட்டில் புதையுங்கள்.
2. நாய் வளர்ப்பவர்கள் தடுப்பூசி அட்டையோடு வாருங்கள்.
3. தெருநாய்களுக்கு ஊசி போடும் செலவுக்கு வீட்டுக்கு 100 ரூபாய். திடீர்ச் செலவுதான், தெரியும். படகுத் தொழில் வீடுகள் ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தரலாம்.
4. நாய் கடித்தாலோ, பல் லேசாகக் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது.

வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.