புள்ளி மறைந்த பிறகு

மஞ்சக்குப்பம், கடலூர்
மார்கழி 12

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பாடலீஸ்வரருக்கு ஒரு அர்ச்சனை என்று அம்மா அன்றைக்கே கிளம்பிவிட்டாள். பதில் தாமதமானதற்கு என் மீன்கள்தான் காரணம். நீயும் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். என் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடு.

தீபாவளிக்கு மறுவாரம் சென்னையில் ஒரு கடையில் பவுடர் புளூ டாங் என்கிற கடல்மீனைப் பார்த்தேன். அந்த நீலத்துக்கு முன்னால் நின்றால் புத்தி வேலை செய்யாது. புது மீனை ஒரு மாதம் தனித்தொட்டியில் வைக்கவேண்டும் என்று எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அன்று மட்டும் நேராகப் பெரிய தொட்டியில் விட்டுவிட்டேன். தனித்தொட்டி மொட்டைமாடியில் கவிழ்ந்து கிடந்தது, தூக்கிவரச் சோம்பல். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் ரவையைத் தூவியது போல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பூண்டுச் சாற்றில் ஊறவைத்த தீனி போட்டேன். ஏழாம் நாள் ஒரு புள்ளி கூட இல்லை. பூண்டின் மகிமை என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஏமாந்தது அங்கேதான். கிரிப்டோகாரியான் என்கிற அந்த ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள் தின்று பெருத்துவிட்டுத் தானாகவே உதிரும். மணலிலும் கல்லிலும் போய் ஒட்டி, ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரியும். ஓடு உடைந்து வரும் குஞ்சுகளுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் சாவுதான். புள்ளி மறைந்த அன்று சீக்கு வீட்டை விட்டுப் போகவில்லை, மாடியிலிருந்து கீழே குடிபோயிருந்தது, அவ்வளவுதான். பதினேழாம் நாள் எல்லா மீன் மேலும் புள்ளி. டாங் போயிற்று. ஐந்து வருஷமாக இருந்த க்ளௌன் மீன் ஜோடியில் பெரியதும் போயிற்று. அதுதான் பெண். மிச்சமிருக்கும் ஆண் இனிப் பெண்ணாக மாறும், அந்த இனத்தின் வழக்கம் அது.

அந்த வாரம் தேவனாம்பட்டினத்துக்குக் கடல்தண்ணீர் எடுக்கப் போனேன். மழை கொட்டி ஓய்ந்த சமயம், ஆற்றுத்தண்ணீர் கலந்து உப்பு இறங்கியிருந்தது. 1.025 இருக்கவேண்டிய அடர்த்தி 1.017-தான் காட்டியது. வெறும் கேனோடு திரும்பியவனைப் பார்த்து, வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் கேட்டார்: "கடல்ல மீனுக்குச் சீக்கு வந்தா எந்த டாக்டர் தம்பி பாக்குறாரு?" சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வழியெல்லாம் அதே கேள்விதான். கடலில் உதிர்ந்தது எங்கோ கிடக்கும். குஞ்சு வெளியே வரும்போது மீன் எவ்வளவோ தூரம் போயிருக்கும். என் 300 லிட்டரில் அது எங்கே போகும்? உதிர்ந்ததெல்லாம் பல மடங்காகத் திரும்பி அதே மீன் மேல்தான் ஏறும்.

ஆகவே பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் போடவேண்டும். சில ஓடுகள் உடையக் கிட்டத்தட்ட அத்தனை நாள் பிடிக்கிறது. இறாலும் நண்டும், பூப்போல இருக்கும் கடலுயிரான அனிமோனும் அங்கேயே இருக்கலாம், இந்த ஒட்டுண்ணி அவற்றை ஒன்றும் செய்யாது. இன்று 41-ஆம் நாள். வருகிறவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரிய வேலை.

பிழைத்த நாலு மீனும் கூடத்து மூலையில் 80 லிட்டர் கண்ணாடித் தொட்டியில். மணல் கிடையாது, கல் கிடையாது. அவை செம்பு மருந்தை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிளம்பர் கடை பிவிசி குழாய்த் துண்டுகள். நீ மயில்துத்தம் வாங்கிக் கரைக்கலாமா என்று கேட்டாய் அல்லவா? தயவுசெய்து வேண்டாம். மயில்துத்தத்தில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்புதான் அளவு. கொஞ்சம் கூடினால் மீன் போகும், குறைந்தால் பூச்சி போகாது. நான் போட்டது கீலேட் வகை காப்பர், அதாவது செம்பை வேறொரு பொருளோடு பிணைத்துவைத்த மருந்து. அதற்கு அளவு 2 முதல் 2.5. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் தீர்ந்தது கதை. சோதனைக் கிட்டும் அந்தந்த வகைக்குச் சரியாக இருக்கவேண்டும். மூன்று நாளில் மெல்ல ஏற்றி, 30 நாள் இறங்காமல் பிடித்தேன். புள்ளி நாலாம் நாளே போய்விட்டது, இந்தத் தடவை நம்பவில்லை.

உண்மையில் கஷ்டம் காப்பர் இல்லை, மீன் கழிவிலிருந்து சேரும் அமோனியா. பெரிய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்துப் போடமுடியாது, சீக்கும் கூடவே வரும். புது ஸ்பாஞ்சில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பிடிக்கும்வரை தினமும் தண்ணீர் மாற்றினேன். அமோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பரோடு ஊற்றிவிடாதே, சிலவற்றோடு சேர்ந்தால் காப்பரே விஷமாகும்.

அம்மா ஒருநாள் தொட்டி மேல் வேப்பிலைக் கொத்து செருகிவிட்டாள். அம்மை போட்ட வீடாம். மூன்று தண்ணீர் ஊற்றினாயா என்றாள். சிரிக்காதே. அவள் சொன்ன மூன்று தண்ணீர் மாதிரியே, மருந்தே இல்லாமல், மூன்று நாளுக்கு ஒருமுறை காய்ந்த புதுத் தொட்டிக்கு மீனை மாற்றிக்கொண்டே போகிற முறை ஒன்று இருக்கிறது. உதிர்ந்த ஓடுகள் பழைய தொட்டியோடு நின்றுவிடும். நாலைந்து மாற்றத்தில் மீன் சுத்தம். அடுத்த முறை அதைத்தான் செய்து பார்க்கப் போகிறேன்.

உனக்கு முதல் மீன் டாங் வேண்டாம். தொட்டியிலேயே பொரித்து வளர்த்த க்ளௌன் கிடைக்கிறது. இங்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார்கூட அதைப் பொரிக்கவைத்திருக்கிறார்கள். அதையும் ஒரு மாதம் தனியே வைத்துவிட்டுத்தான் விடவேண்டும்.

தை பாதியில் என் கணக்கு முடிகிறது. அந்த வாரம் குடும்பத்தோடு வா, நாலு மீனையும் சேர்ந்தே விடலாம். வரும்போது ஒரு அமோனியா கிட் வாங்கி வா, என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. மீன் எதுவும் கொண்டுவராதே.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்