வீட்டு சர்வர்ல இருந்து போற மெயில் ஏன் திரும்பி வருது?

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு வீட்டுலயே சர்வர் வச்சிருக்கறவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர், குடும்ப போட்டோ, பேக்கப் எல்லாம் அதுலதான். ஹார்ட் டிஸ்க் போகப்போகுதுன்னா சர்வரே மெயில் போட்டு சொல்லும். அந்த மெயில்தான் வந்து சேர மாட்டேங்குது. உடனே மெயில் அனுப்பற சாஃப்ட்வேரான போஸ்ட்ஃபிக்ஸை அழிச்சு மறுபடி இன்ஸ்டால் பண்றாங்க. தயவுசெஞ்சு வேணாம், முதல்ல லாகை (என்ன நடந்ததுன்னு அது எழுதி வைக்கிற ஃபைலை) பாருங்க.

'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'னு இருந்தா பெரும்பாலும் நெட் கம்பெனி 25ஆம் போர்ட்டை, அதாவது சர்வர்கள் ஒண்ணுக்கொண்ணு மெயில் அனுப்பற வழியை, அடைச்சிருக்கு. 550ங்கற எரர் நம்பர் இருந்தா மெயில் அந்தப் பக்கம் வரைக்கும் போய் வாசல்லயே திரும்பியிருக்கு. வைரஸ் புகுந்த வீட்டு கம்ப்யூட்டர்கள்ல இருந்து வருஷக்கணக்கா ஸ்பேம் கொட்டினதால, வீட்டு ஐபில (நெட்ல நம்ம வீட்டோட முகவரி நம்பர்) இருந்து நேரா வர்ற மெயிலை பெரிய கம்பெனிங்க வாங்கறதில்ல, ஸ்பேமைத் தடுக்க லிஸ்ட் போடற ஸ்பாம்ஹாஸ் அமைப்பு இந்த மாதிரி ஐபிங்களுக்குன்னே பிபிஎல்னு தனி லிஸ்ட் வச்சிருக்கு, அதுல உங்க ஐபி இருந்தா நீங்க ஏதோ தப்பு பண்ணிட்டீங்கன்னு அர்த்தமில்ல. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் எஸ்பிஎஃப் (டொமைன் பேர்ல எந்த சர்வர் அனுப்பலாம்ங்கற பட்டியல்), டிகேஐஎம் (மெயில்ல போடற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டுல ஒண்ணும், அதோட ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் (ஐபியை வச்சு சர்வர் பேரை சொல்ற பதிவு) கேக்குது. ரிவர்ஸ் டிஎன்எஸ் நம்ம கையில இல்ல, ஐபி கொடுத்தவங்கதான் வைக்கணும்.

இதோட மல்லுக்கட்ட வேண்டாம், ரிலே வழியா, அதாவது உங்க மெயில் கம்பெனியோட சர்வர் மூலமா அனுப்புங்க. போஸ்ட்ஃபிக்ஸோட செட்டிங்ஸ் இருக்கற மெயின்.சிஎஃப் ஃபைல்ல ரிலேஹோஸ்ட் வரில உங்க மெயில் கம்பெனியோட எஸ்எம்டிபி (மெயில் அனுப்பற) சர்வர் பேரை சதுர அடைப்புக்குறிக்குள்ள எழுதி, பக்கத்துல 587 போர்ட் போடுங்க. அடைப்புக்குறி விட்டுப்போச்சுன்னா போஸ்ட்ஃபிக்ஸ் எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயில் வாங்கற சர்வர் எதுன்னு சொல்ற பதிவு) தேடிப் போயிடும். டிஎல்எஸ் (போற வழியைப் பூட்டறது), சாசல் (பாஸ்வேர்டு காட்டி உள்ள போறது) ரெண்டையும் ஆன் பண்ணி, பாஸ்வேர்டு ஃபைலை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கற மாதிரி மாத்த போஸ்ட்மேப் கமாண்டை ஓட்டணும், அந்த ஃபைலை ரூட் தவிர யாரும் படிக்க முடியாதபடி வைங்க. ஜிமெயில்னா சாதா பாஸ்வேர்டு செல்லாது, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுட்டு ஆப் பாஸ்வேர்டு எடுக்கணும். டெபியன், உபுண்டுல 'நோ வொர்தி மெக்ஸ்'னு எரர் வந்தா பெரும்பாலும் லிப்சாசல்2-மாட்யூல்ஸ் பேக்கேஜ் இல்லாததுதான் காரணம். டைம் அவுட்ல மாட்டி க்யூல நிக்கற மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமா 5 நாள் வச்சிருக்கும், அதுக்குள்ள சரி பண்ணிட்டா அதுவும் போய்டும்.

25ஆம் போர்ட்டை அடைக்கறது நியாயம்தான். ஆனா கனெக்‌ஷன் எடுக்கும்போதே அதை சொல்லணும்ல? கஸ்டமர் கேர்ல கேட்டா ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கறாங்க. ஸ்டேடிக் (மாறாத) ஐபிக்கு தனியா பணம் கட்டறவங்களுக்காவது ரிவர்ஸ் டிஎன்எஸ் வச்சுக் கொடுக்கணும். நெட் கம்பெனிகள்கிட்ட இதை உங்க பத்திரிகை கேட்டு எழுதினா பெரிய உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை