எட்டாம் மாதத்தில் இருப்பவர்கள் கவனத்திற்கு

தோழிகளே, வகுப்பு நேரம் முழுக்க மூச்சுப்பயிற்சியிலும் பிரசவ வலியிலும் போய்விடுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றிய பேச்சு கடைசியில் அவசரமாக முடிகிறது. ஆகவே இதை, வீட்டில் உங்களோடு இருக்கப்போகிறவரிடமும் காட்டிவிடுங்கள்.

குழந்தை பிறந்த 3, 4ஆம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரலாம். ஹார்மோன் சட்டென்று குறைவதும் தூக்கம் கெடுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. பெரும்பாலும் 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும் எடின்பரோ கேள்வித்தாளைக் கேட்டு வாங்கலாம்: 10 கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றியவை. பலர் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். 10ஆவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அங்கே ‘ஒருபோதும் இல்லை’ தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் குறைவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

பால் கொடுப்பது 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது இரண்டையும் அடுத்தவர் எடுத்துக்கொள்ளட்டும். ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்பதோடு நிற்பவரால் பயனில்லை!

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பத்தில் சரியாக இருந்த ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரைகூட எகிறலாம்.