தனியே பயணிப்பவருக்குச் சிறிய மோட்டார்ஹோமே ஏற்றது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்றதும் ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்துறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) ஒன்று வாங்கி, நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம்மவர்களிடையே வளர்ந்துவருகிறது. இதைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்களில் பலர் தனியாகக் கிளம்புகிறவர்கள்: துணையை இழந்தவர்கள், மணம் செய்துகொள்ளாதவர்கள், கணவருக்கோ மனைவிக்கோ பயணத்தில் நாட்டம் இல்லாதவர்கள். நானும் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, பினாங்கிலிருந்து சிறிய வேன் ஒன்றில் தனியே பயணிப்பவள். எந்த அளவு வண்டியை வாங்குவது என்பதில் நம்மவர்கள் அவசரப்பட்டுப் பெரிய வண்டியை வாங்கிவிட்டு, பிறகு அதை வீட்டு வாசலிலேயே நிறுத்திவைப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரிய வண்டியின் பக்கம் மனத்தை இழுப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள்?" பாசத்தில் எழும் கேள்வி என்பதால் அதைத் தட்டிக் கழிக்க எவருக்கும் மனம் வருவதில்லை. ஆனாலும், ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அந்தச் சில இரவுகளுக்காக, மீதி நாளெல்லாம் நான்கு பேர் படுக்கும் வண்டியை ஒருவர் இழுத்துக்கொண்டு திரிய வேண்டுமா? பிள்ளைகள் வரும் வாரத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பெரிய வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். சொந்தமாக வாங்கும் வண்டி, அதில் உண்மையில் உறங்கப்போகும் ஒருவருடைய வண்டியாக இருக்கட்டும்.

வண்டியின் அளவை முடிவு செய்யும்போது படுக்கைகளை எண்ணுவதைவிட, எந்தெந்த வேலையை இன்னொருவர் உதவியின்றி நாமே செய்ய முடியும் என்று கணக்கிடுவதே சரி என்பது என் கருத்து. அவற்றுள் முதலாவது, வண்டியைப் பின்னால் எடுப்பது. டுரியான் பருவத்தில் தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குச் செல்லும் மலைச்சாலையில், ஆறு சக்கர மோட்டார்ஹோம் ஒன்று ஒரு வளைவில் பழம் ஏற்றிவந்த பிக்கப்புக்கு வழிவிடப் பின்வாங்க வேண்டியிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை ஓட்டிவந்தவர் தனி ஆள். அவர் இறங்கிப் பின்னால் ஓடி வடிகாலின் விளிம்பைப் பார்ப்பார், ஏறி ஒரு முழம் நகர்த்துவார், மீண்டும் இறங்குவார். இரு பக்கமும் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. பின்புறக் கேமரா இருந்தும், கூரையின் மேல்மூலை மரக்கிளையில் உரசுவதை அது காட்டவில்லை. "வா, வா, போதும், நிறுத்து" என்று சொல்லப் பின்னால் ஒருவர் நின்றிருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும் வேலை அது.

இப்போது அளவுகளுக்கு வருகிறேன். நம் சாலைகளில் அன்றாடம் பார்க்கும் சாதாரண டொயோட்டா ஹையேஸ் வேனின் நீளம் 4.695 மீட்டர், அகலம் 1.695 மீட்டர், உயரம் 1.98 மீட்டர். வழக்கமான கார் நிறுத்தக் கட்டம் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டது என்பதால், இவ்வண்டி கார் நிற்கும் இடத்தில் கார் போலவே நின்றுகொள்ளும். இதிலேயே உயரமான கூரையுடன் வரும் நீண்ட வகை 5.38 மீட்டர் நீளம், 1.88 மீட்டர் அகலம், 2.285 மீட்டர் உயரம் கொண்டது. ஐரோப்பாவில் மோட்டார்ஹோம்களுக்குப் பெரிதும் அடித்தளமாக அமையும் ஃபியட் டுக்காட்டோ 2.05 மீட்டர் அகலமானது; அதன் பிரபலமான வகை கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளத்துக்குப் போகும். கோலாலம்பூர், பினாங்குப் பேரங்காடிகளின் கார் நிறுத்துமிட நுழைவாயில்களில் தொங்கும் உயரக் கம்பி பெரும்பாலும் 2.1 மீட்டரை ஒட்டியே இருப்பதால், பிந்தைய இரண்டும் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். சாதாரண ஹையேஸுக்குக்கூடக் கூரைமேல் விசிறியும் சூரியத் தகடும் பொருத்திவிட்டால் அந்த 2.1 மீட்டர் எளிதில் தாண்டிவிடும். எனவே கூரையில் எதையும் பொருத்தும் முன் அதன் தடிமனை அளந்து, மொத்த உயரத்தை எழுதி, ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2021-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து ஃபெரியில் கார்களையும் வேன்களையும் ஏற்றுவதில்லை. ஆகவே தீவை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு பாலங்களில் ஒன்றைத்தான் நம்பியிருக்கிறோம். டோல் கட்டணத்தில் இரண்டு அச்சும் நான்கு சக்கரமும் கொண்ட வண்டி முதல் வகுப்பில் வரும். பின்புறம் இரட்டைச் சக்கரம் கொண்ட ஆறு சக்கர வண்டி இரண்டாம் வகுப்பில் சேர்ந்து கூடுதல் கட்டணம் செலுத்தும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் வரை போய்வந்தால் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். பெரிய வண்டிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை என்பதையும், தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாத பயணத்தில் ஒவ்வொரு ரிங்கிட்டும் ஒரே பையிலிருந்துதான் போகிறது.

உள்ளமைப்பில் நான் மிகவும் வலியுறுத்துவது படுக்கையைத்தான். பட்டறைகளில் பெரும்பாலும் பகலில் மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் அமைப்பைப் பரிந்துரைப்பார்கள். பார்க்கும்போது அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் பகல் முழுதும் ஓட்டிக் களைத்த பிறகு, மேசைக் காலைக் கழற்றி, பலகையை இறக்கி, நான்கு மெத்தைத் துண்டுகளைச் சரியான வரிசையில் அடுக்கி, அவை நகராமல் விரிப்பை இழுத்துவிடும் வேலையை ஒவ்வோர் இரவும் ஒருவரே செய்ய வேண்டும்; காலையில் அத்தனையையும் மீண்டும் கலைக்க வேண்டும். தனி ஆளுக்கு ஒரே ஒரு நிலையான கட்டில் போதும். சாதாரண ஹையேஸில் குறுக்காகக் காலை நீட்டிப் படுக்க இடம் போதாது. எனவே ஒரு பக்கச் சுவரை ஒட்டி, 70 அல்லது 75 செண்டிமீட்டர் அகலத்தில் நீளவாக்கில் கட்டிலைப் போட்டு, எதிர்ப்பக்கத்தில் அலமாரியையும் சிறிய குளிர்பெட்டியையும் வைப்பதே நல்லது. கட்டிலுக்கு அடியில் கிடைக்கும் இடத்தில் ஒருவருடைய சாமான்கள் அனைத்தும் அடங்கிவிடும். ஹையேஸின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் மழையில் அதுவே கூரையாகிவிடும். அதன் கீழ் அடுப்பை வைத்துத் தாளித்தால் இரவில் மெத்தையில் வெங்காய வாடை இருக்காது.

திறந்து உயர்த்தும் துணிக்கூரை வண்டிகளைப் பலர் புகழ்கிறார்கள்; குளிர்நாடுகளின் கோடைக்கு அவை பொருந்தலாம். நம் ஊரில் பிற்பகல் மழை பெய்து, நனைந்த துணியை மடக்கி மூடிவிட்டுக் கிளம்பினால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். அதோடு, துணிக்கூரை உயர்ந்திருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்பது சுற்றியிருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தனியே பயணிக்கும் பெண்ணுக்கு இது சிறிய விஷயம் அன்று.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. 12 வோல்ட் குளிர்சாதனம் இரவு முழுவதும் சராசரியாக 400 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 3.2 கிலோவாட் மணி மின்சாரம் தேவை. 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 1.28 கிலோவாட் மணிதான். ஆக மூன்று பேட்டரிகள் வேண்டும். அடுத்த நாள் வெயில் நன்றாக அடித்தாலும், கூரையிலுள்ள 200 வாட் தகடு அதில் கால்பங்கைத்தான் நிரப்பும். வண்டி பெரிதாகப் பெரிதாக, குளிரூட்ட வேண்டிய காற்றும் வெயில் படும் தகரமும் கூடிக்கொண்டே போகின்றன. சிறிய வண்டியில் கூரை விசிறி ஒன்று, வலையிட்ட இரண்டு சன்னல்கள், கூரைக்கும் சுவருக்கும் நல்ல வெப்பக்காப்பு ஆகியவை இருந்தால், விசிறி இரவு முழுவதும் சுற்றினாலும் கால் கிலோவாட் மணிக்குள் அடங்கிவிடும். உண்மையிலேயே குளிர் வேண்டும் என்றால் மலையேறுவதே என் வழக்கம். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா நகரம் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவில் போர்வைதான் தேவைப்படும். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய வளைவுச்சாலையில் சிறிய வேனை ஓட்டுவது ஒன்றும் பெரிய பாடில்லை. ஆறு மீட்டர் வண்டிக்காரர்கள் சிம்பாங் பூலாய் வழியே சுற்றிப் போவது நல்லது.

தாதியாக இருந்தவள் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டபடி, கதவுகளை அடைத்துவிட்டு யாரும் தூங்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். இருவர் இருந்தால் ஒருவராவது விழித்து மற்றவரை உலுக்கி எழுப்ப வாய்ப்பு உண்டு, தனியே படுத்தவரை எழுப்ப எவருமில்லை. மூடிய வேனுக்குள் கேஸ் அடுப்பை எரியவிடுவதும் இதே ஆபத்துதான். இவ்வாயுவைக் கண்டறிந்து ஒலி எழுப்பும் கருவியைத் தலையணைக்கு எட்டும் உயரத்தில் பொருத்துவது, மெத்தை வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை. சிறிய வண்டியில் காற்றின் அளவு குறைவு என்பதால் அங்கே இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஒரே விதிதான்: நிரம்பியதை நீங்களே தூக்க முடிய வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோகிராம். என் வயதில் அதையே இரண்டு பத்து லிட்டர் கேன்களாகத்தான் தூக்குகிறேன். கையடக்கக் கழிப்பறையும் பத்து லிட்டர் கொள்ளளவில் கிடைக்கிறது. அவசரத்துக்கு அது போதும், மற்ற நேரங்களில் நெடுஞ்சாலை ஓய்விடங்களும் பெட்ரோல் நிலையங்களும் இருக்கின்றன.

பாதுகாப்புக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நள்ளிரவில் எவரேனும் கதவைத் தட்டினால், வெளியே இறங்காமலேயே ஓட்டுநர் இருக்கைக்குப் போய்ச் சாவியைத் திருப்ப முடிய வேண்டும். ஹையேஸில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் நேராக நடந்து போக வழியில்லை. குனிந்து, காலைத் தூக்கிப் போட்டுத்தான் கடக்க வேண்டும். ஆனாலும் கடக்க முடியும். பட்டறையில் அந்த இடைவெளியைப் பலகையால் அடைத்து அலமாரி போட்டுத் தருகிறோம் என்றால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

சிறிய வண்டியே எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் நாள்தோறும் குனிந்தபடி உடை மாற்றுவது வேதனைதான். அவர்கள் உட்புற உயரம் 1.6 மீட்டரைத் தொடும் உயரக்கூரை வேனைப் பார்க்கலாம். பேரங்காடி நிறுத்துமிடத்தை அதற்காக விட்டுக்கொடுப்பது நியாயமே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையில் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். மறுபுறம், 4 மீட்டரைச் சற்றே தாண்டும் டைஹாட்சு கிரான்மேக்ஸ் போன்ற குட்டி வேன்கள் விலையிலும் எரிபொருளிலும் மலிவுதான். வார இறுதிக்கு அவை தாராளம். ஆனால் தொடர்மழையில் பல நாள் அதற்குள் அடைந்துகிடக்க நேர்ந்தால் பொறுமை சோதிக்கப்படும். என்னைக் கேட்டால், தனி ஆளுக்கு நடுத்தரம் என்பது அந்தச் சாதாரண ஹையேஸ் அளவுதான்.

பயன்படுத்திய வேனை வாங்கி மாற்றியமைக்க எண்ணுபவர்கள், இருக்கைகளைக் கழற்றுவதற்கும் கூரையை வெட்டுவதற்கும் முன்னரே சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் பட்டறையிடம் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

மோட்டார்ஹோம் விற்பவர்களுக்கும் மாற்றியமைத்துத் தருபவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் படுக்கலாம் என்பதைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் அவர்கள், வேலைகள் முடிந்தபின் வண்டியை எடைமேடையில் ஏற்றி அதன் வெற்று எடை என்ன, இன்னும் எத்தனை கிலோகிராம் ஏற்றலாம், கூரைப் பொருத்தங்களுடன் சேர்த்து மொத்த உயரம் எவ்வளவு என்ற மூன்றையும் அதே தாளில் அச்சிட்டுத் தர வேண்டும். தனியே வாங்க வருபவர் கேட்கத் தயங்கக்கூடிய கேள்விகள் இவை. கேட்காமலேயே பதில் கையில் கிடைத்தால் பலருடைய சேமிப்பு தப்பும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.