கடைவீதியில சைக்கிள் நிறுத்த இடம்: நம்ம சங்கத்தோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். கூட்டம், சந்தா, புது உறுப்பினர் விவரம் எல்லாம் மினிட்ஸ் புக்ல இருக்கு, வேணுங்கிறவங்க பாத்துக்கோங்க. வருஷம் பூரா நம்மள இழுத்தடிச்சது நகர மையத்து கடைவீதியில சைக்கிள் நிறுத்துற பிரச்சனைதான், அதனால அத மட்டும் விரிவா சொல்றேன்.

கடைவீதியில ஸ்டாண்ட் வேணும்னு அதிகாரிங்ககிட்ட மனு கொடுக்க போனப்பல்லாம் ஒரே பதில்தான், ஏற்கனவே பெரிய ஸ்டாண்ட் இருக்கே, அதுவே காலியாத்தான கிடக்குன்னாங்க. காலியாத்தான் கிடக்கு, ஏன்னா அது கடைசி கட்டடத்துக்கு பின்னாடி லைட் கூட இல்லாத இடத்துல இருக்கு, பத்து நிமிஷ வேலையா கடைக்கு வர்றவர் அங்க போய் பூட்டிட்டு நடந்து வருவாரா, வாசல் பக்கத்துல இருக்கிற கம்பத்துலதான் கட்டுவாரு. கடையில வேலை பாக்கிறவங்க கதை வேற, அவங்க சைக்கிள் நாள் பூரா நிக்கணும், கூரையும் லைட்டும் போட்டா அவங்களுக்கு அந்த பின்பக்க ஸ்டாண்டே சரியா இருக்கும். இந்த ரெண்டு கூட்டத்தையும் ஒண்ணா போட்டு குழப்பினதுலதான் பாதி வாக்குவாதம். நெதர்லாந்துல உட்ரெக்ட் ஸ்டேஷன்ல 12,500 சைக்கிள் நிக்கிற நிலத்தடி ஸ்டாண்ட் 2019ல முழுசா திறந்தாங்க, அத காட்டி கேப்போம்னு நம்மள்ல சிலர் சொன்னாங்க, ஆனா அது ரயில் ஏறி போறவங்களுக்கானது, கடைவீதிக்கு வேண்டியது நாலு கடைக்கு ஒண்ணா சின்ன சின்னதா பரவலான இடம்.

அடுத்து எந்த மாதிரி ஸ்டாண்டுங்கிறது. முன் சக்கரத்த மட்டும் கவ்வுற ரேக் வேணவே வேணாம், பக்கத்துல யாராவது இடிச்சா வீல் கோட்டமாயிடும், பூட்டும் சக்கரத்துலதான் விழும், சக்கரத்த விட்டுட்டு மிச்சத்த கழட்டிட்டு போயிடலாம். தரையில பதிச்ச தலைகீழ் யு கம்பி போதும், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள், ஃப்ரேமையும் சக்கரத்தையும் சேத்து பூட்டலாம். கம்பிக்கு கம்பி 1 மீட்டர் விடணும், ஹேண்டில்பாரே ஏறக்குறைய 60 செ.மீ. அகலம். சைக்கிள் நீளம் 1.8 மீட்டர் வரும், சுவத்த ஒட்டி கம்பி நட்டா சக்கரமே உள்ள போகாது, ஆனா வரைபடத்துல பாத்தா அழகா இருக்கும், அதுதான் கொடுமை!

வியாபாரிகளோட பேசினதுதான் கஷ்டம். கார் நிறுத்துற இடம் போச்சுன்னா கஸ்டமர் போயிடுவாங்கன்னு பயப்படுறாங்க, அந்த பயத்த நாம லேசா எடுத்துக்க கூடாது. ஒரு கார் நிக்கிற இடத்துல 10 சைக்கிள் நிக்கும்னு சொன்னோம், சிலர் கேட்டுக்கிட்டாங்க, சிலர் எழுந்தே போயிட்டாங்க. கடைசியில தெருமுனைய பத்தி பேச்சு வந்தப்பதான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அங்க கார் நின்னா ரோடு கடக்கிறவர் டிரைவர் கண்ணுக்கு தெரிய மாட்டாரு, சைக்கிள் ஸ்டாண்ட்னா மறைக்காது, காருக்கான இடமும் குறையாது. நடைபாதையில மட்டும் வேணாம்னு நாமளே எழுதி கொடுத்துட்டோம், கண் தெரியாதவங்க, வீல்சேர்ல வர்றவங்க எல்லாருக்கும் அது இடைஞ்சல்.

கேட்பாரத்து துரு பிடிச்சு நிக்கிற பழைய சைக்கிள்களுக்கு நோட்டீஸ் கட்டி, கெடு முடிஞ்சதும் எடுக்கணும்னும் கேட்டிருக்கோம், பதில் வரல. தெருமுனை ஸ்டாண்டுக்கு இடம் அளந்துட்டு போயிருக்காங்க, எழுத்துல உத்தரவு இன்னும் வரல, அது வர்ற வரைக்கும் புது கமிட்டி விடாம அலையணும். வரவு செலவு கணக்க இப்ப பொருளாளர் வாசிப்பாரு.