மாடி வீட்டுப் பிள்ளைக்கும் மற்ற எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவாருக்கும், ஊரிலிருந்து வந்து உடன் நின்ற உறவினர்களுக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும்; அதைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் என் மனைவியை விட்டுவிட்டு வந்து ஏழு வாரம் ஆகிறது.

மருத்துவமனையில் முறை வைத்து இரவெல்லாம் விழித்திருந்த வாலிபர்கள், இரத்தம் கொடுத்தவர்கள், பதினைந்து நாள் எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார், அவளுக்குப் பிடித்த கீர்த்தனைகள் எவை என்று கேட்டறிந்து அடக்க ஆராதனையில் பாடிய பாடகர் குழுவினர், சான்றிதழ்களுக்காக வேகாத வெயிலில் அலைந்த என் மைத்துனர் ஆகிய அனைவரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே வந்து கையைப் பிடித்து நன்றி சொல்வேன். இந்த மடலில் ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர்களின் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளில் பலரைப் போல அவளுக்கும் தமிழ் வாயில் இருந்ததே தவிர கண்ணில் இல்லை. ஓராண்டாக மாலை வேளைகளில் என் மனைவியிடம் எழுத்துக் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தாள். அ, ஆ என்று ஏதோ நடக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் மாலை, வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீற்றோடு அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்றாள். "தாத்தா, பாட்டி நிறுத்தின இடத்திலிருந்து வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. அவளே போய் அலமாரியிலிருந்து என் மனைவியின் பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்து வந்தாள். எம்.ஜி. ரோட்டில் உள்ள வேதாகமச் சங்கத்தில், கண் மங்கத் தொடங்கியபோது அவள் ஆசையாய் வாங்கியது. உள்ளே சிவாஜிநகரிலிருந்து வந்த பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளமாக இருந்தது. புலம்பல் என்ற புத்தகம், இரண்டாம் அதிகாரத்தின் முடிவு.

பெரிய எழுத்தும் கண்ணுக்கு எட்டாமல் போன கடைசி மாதங்களில் என் மனைவி தனக்காகத் தேர்ந்துகொண்டது புலம்பல் என்பதையும், அதை அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். என் எதிரே ஒருநாளும் கலங்காதவள், எருசலேமின் அழிவைப் பாடிய அந்த நூலுக்குள் தன் துக்கத்தை வைத்திருந்திருக்கிறாள்.

அந்தப் பத்து நாளும் நான் ஜெபிக்கவில்லை. எல்லாம் தேவ சித்தம் என்று தேற்றியவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொல் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. இந்த நிலையில், "அவர் என்னை வெளிச்சத்திலே அல்ல, இருளிலே அழைத்து நடத்திவந்தார்" என்று ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கக் கேட்டேன். இப்படியும் வேதத்தில் சொல்லியிருக்கிறதே, நான் சொல்லக் கூசியதை ஒருவர் ஆண்டவரிடமே சொல்லியிருக்கிறாரே என்று முதன்முதலாக மூச்சு வந்தது.

அவள் வாசிப்பு மெதுவானது. கன்னடத்தில் நான்கு எழுத்துகளுக்குப் பிரிந்துபோகும் ஒலிகள் தமிழில் ஒரே 'க'வுக்குள் இருப்பதால் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கணம் நின்று யோசிப்பாள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வசனம் போனால் அதிகம். ஒரு வாரத்தில் மூன்றாம் அதிகாரத்தின் 22-ஆம் வசனத்துக்கு வந்தோம். "நாம் நிர்... நிர்மூல... மாகா... தி..." என்று அந்த நீண்ட சொல்லில் தடுக்கி நின்றுவிட்டு, "இது என்ன தாத்தா?" என்றாள். மூலம் என்றால் வேர் அம்மா, நிர்மூலம் என்றால் வேரே இல்லாமல் அழிந்துபோவது, நிர்மூலமாகாதிருக்கிறது என்றால் வேரோடு போய்விடாமல் இன்னும் இருப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அதற்கு மேல் பேச முடியாமல் நிறுத்திவிட்டேன். ஐம்பது ஆண்டுகளாக மனப்பாடமாகச் சொல்லி வந்த வசனத்தின் பொருளை அன்றுதான் என் வாயாலேயே கேட்டேன். அவள் எனக்காகக் காத்திருந்துவிட்டு, தானே சேர்த்து வாசித்தாள்: "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை."

மறுநாள் வீட்டுக்கு வந்த ஆயர் ஐயா இதைக் கேட்டு இன்னொன்றைச் சொன்னார். எபிரெய மொழியில் 22 எழுத்துகள். புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களும் அந்த எழுத்துகளின் வரிசையில் பாடப்பட்டவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனங்கள். கிருபை, புதியவைகள், பங்கு என்ற சொற்களோடு வரும் 22, 23, 24-ஆம் வசனங்கள் மூன்றும் எபிரெயத்தில் ஒரே எழுத்தில், எட்டாம் எழுத்தில், தொடங்குகின்றனவாம். "ஆத்திசூடி மாதிரியா?" என்று பிள்ளை கேட்டாள். ஆமாம், ஆத்திசூடி மாதிரி. நகரம் எரிந்து கிடக்கையில் ஒருவர் அகரவரிசை பிடித்து அழுதிருக்கிறார். இன்னும் பதினான்கு எழுத்துகள் மீதி இருக்கும்போதே கிருபை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. என் நம்பிக்கையும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. நான் தேறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். உயிர்த்தெழுதலின் நாளில் அவளைக் காண்பேன் என்று விசுவாசிக்கிறேன். காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு நின்றும்விடுகிறேன். இரண்டையும் ஆண்டவர் அறிவார்.

மகளே, நீ எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. பாதியில் நின்ற பாடத்தைத் தொடர வந்தாய். அதற்காக உனக்கும், வேறு சமயத்தாரின் வேதம் என்று எண்ணாமல் உன்னை நாள்தோறும் அனுப்பிவைத்த உன் அம்மா அப்பாவுக்கும் நான் கடன்பட்டவன். தெருவாருக்கு ஒரு சொல்: தமிழ் வாசிக்கக் கற்க விரும்பும் எந்தப் பிள்ளையையும் சனிக்கிழமை மாலையில் எங்கள் திண்ணைக்கு அனுப்புங்கள். என் மனைவி உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து சொல்லித் தருவேன். எனக்கு உடம்பில் தெம்பு உள்ளவரை இதை நிறுத்த மாட்டேன்.

நேற்று ஐந்தாம் அதிகாரத்தை முடித்தோம். அடுத்தது ரூத், நான்கே அதிகாரம் என்று அவளே தேர்ந்தெடுத்தாள். அடையாளம் வைக்க அந்தப் பேருந்துச் சீட்டை விரலில் பிடித்துக்கொண்டு, "இதை எடுக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள்.

எடுத்து வை என்றேன்.